அந்நியபாஷை இன்றைக்கு எதற்கு? என் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

பாளைவாசி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுக்குப் பாளையங்கோட்டை. மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. சபை. ஊசிக்கோபுரத்துக் கோயிலில்தான் எனக்கு ஞானஸ்நானம், திடப்படுத்தல், கல்யாணம் எல்லாம் நடந்தது. வாதாடுவதற்காக இந்த இழையைத் தொடங்கவில்லை. வீட்டில் ஒரு பிள்ளை பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அதனால் கேட்கிறேன்.

மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் கூப்பிட்டதால் மே விடுமுறையில் மூன்று நாள் வாலிபர் முகாமுக்கு அனுப்பினோம். எந்த முகாம், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். கடைசி நாள் சாயங்காலம் அபிஷேகக் கூட்டமாம். ஆவியானவர் நிரப்பினால் கற்காத பாஷை, அதாவது அந்நியபாஷை, வாயில் வரும் என்றார்களாம். பிள்ளைகளை முழங்காலில் நிற்கவைத்து, "அல்லேலூயாவை வேகமாகச் சொல், நிறுத்தாதே, நாக்கை விட்டுக்கொடு" என்று சொல்லியிருக்கிறார்கள். பாஷை வந்த பிள்ளைகளை எழுப்பி ஹாலின் வலதுபக்கம் அனுப்பினார்களாம். வராதவர்கள் இடதுபக்கம். மணி ஒன்பதரை ஆகும்போது இடதுபக்கத்தில் ஐந்து பேர்தான் பாக்கி. என் மகள் அதில் ஒருத்தி. ஒரு அக்கா தலையில் கைவைத்து அழுது அழுது ஜெபிக்கிறாள். வலதுபக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் இவர்களைப் பார்த்துக் கைநீட்டி ஜெபிக்கிறார்கள். இவளுக்கு முழங்கால் மரத்துவிட்டது. கடைசியில் பக்கத்தில் கேட்ட சத்தத்தையே இவளும் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். உடனே எல்லாரும் கைதட்டி, கட்டிப்பிடித்து வலதுபக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, நான் கொசுவலை கட்டிக்கொண்டிருக்கும்போது சொல்கிறாள்: "அம்மா, நான் ஆண்டவர் முன்னாடி பொய் சொல்லிட்டேன். உண்மையா வரலன்னா எங்கிட்ட ஆவியானவர் இல்லன்னுதானே அர்த்தம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் கோயிலில் இதைப்பற்றிப் பிரசங்கமே கேட்டதில்லை. பெந்தெகொஸ்தே பண்டிகை ஞாயிறன்று அப்போஸ்தலர் இரண்டாம் அதிகாரம் வாசிப்பார்கள், அவ்வளவுதான். அந்நியபாஷை இன்றைக்கும் உண்டா? உண்டென்றால் எதற்கு? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள். அவளும் இதை வாசிப்பாள்.

தாமிரபரணிக்கரை எழுதியது:

சகோதரிக்கு ஸ்தோத்திரம். நான் சகோதரர் சபை. முதலில் பிள்ளையிடம் இதைச் சொல்லுங்கள்: பொய் சொல்லவைத்தவர்கள்மேல்தான் பெரிய பொறுப்பு. அவள் அதை உணர்ந்து அழுகிறாளே, அதுவே ஆவியானவர் அவளுக்குள் கிரியை செய்கிறார் என்பதற்கு அடையாளம்.

இனி கேள்விக்கு வருகிறேன். பெந்தெகொஸ்தே நாளில் நடந்தது என்ன? பார்த்தரும், மேதரும், ஏலாமீத்தரும் தங்கள் தங்கள் சொந்தப் பாஷையில் தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டார்கள். அது புரிகிற பாஷை. பேசினவன் கற்காத பாஷை, கேட்டவனுக்குத் தாய்ப்பாஷை. இன்று கூட்டங்களில் கேட்பது அதுவா? ஒரு கூட்டத்திலாவது ஒரு வங்காளி எழுந்து நின்று, "இது என் பாஷை, எனக்குப் புரிகிறது" என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

அந்த வரம் சபையின் அஸ்திபார காலத்துக்கு அடையாளமாகக் கொடுக்கப்பட்டது. 1 கொரிந்தியர் 13:8-ஐ நம் தமிழ் வேதாகமத்தில் கவனித்து வாசியுங்கள். தீர்க்கதரிசனங்கள் "ஒழிந்துபோம்", அறிவு "ஒழிந்துபோம்". அந்நியபாஷைகள் மட்டும் "ஓய்ந்துபோம்". கிரேக்கத்திலும் அந்த இடத்தில் வினைச்சொல் வேறுதான். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த வித்தியாசத்தை விடாமல் பிடித்திருக்கிறார்கள். மற்ற இரண்டையும் வேறொன்று வந்து ஒழிக்கும். பாஷையோ தானாகவே ஓய்ந்துவிடும். சரித்திரமும் அதைத்தான் காட்டுகிறது. 4-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆதிச் சபைப் பிரசங்கியார் கிறிசோஸ்தோம் கொரிந்தியர் நிருபத்தைப் பிரசங்கிக்கும்போது, இவையெல்லாம் இப்போது நடப்பதில்லை, அதனால்தான் இந்தப் பகுதி நமக்கு விளங்காமல் இருக்கிறது என்கிறார். எழுதப்பட்ட வேதம் முழுமையாகக் கையில் இருக்கும்போது அடையாளம் எதற்கு?

மேல்வீடு_தென்காசி எழுதியது:

அக்கா, நான் பெந்தெகொஸ்தே சபை. எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்கள் மகள் வாசிப்பாள் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

எனக்கு அபிஷேகம் கிடைத்தது 1998-இல், அபிஷேகத்துக்காகக் காத்திருந்து ஜெபிக்கும் கூட்டத்தில் அல்ல, தென்காசி பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நின்ற ராத்திரியில். அப்பாவுக்கு வியாபாரத்தில் பெரிய நஷ்டம். வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்தேன். தமிழில் சொல்லவேண்டியதெல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் ஜெபம் நிற்கவில்லை. யாரும் என் தலையில் கைவைக்கவில்லை. யாரும் வேகமாகச் சொல் என்று சொல்லவில்லை. விடியற்காலை முதல் பஸ் வரும்வரை அது இருந்தது. இன்றைக்கும் எனக்கு அது எதற்கு என்று கேட்டால், வார்த்தை தீர்ந்த இடத்தில் ஜெபம் தீராமல் இருப்பதற்கு என்பேன்.

தாமிரபரணிக்கரை பிரதர், 13:8-ஐ 10-ஆம் வசனத்தோடு சேர்த்து வாசிக்கவேண்டாமா? "நிறைவானது வரும்போது குறைவானது ஒழிந்துபோம்." நிறைவு வந்துவிட்டதா? அடுத்த இரண்டு வசனம் தள்ளி "முகமுகமாய்ப் பார்ப்போம்" என்று வருகிறது. நாம் இன்னும் முகமுகமாய்ப் பார்க்கவில்லையே. அதுமட்டுமல்ல, "அந்நியபாஷையில் பேசுகிறவன் மனுஷரிடத்தில் பேசாமல், தேவனிடத்தில் பேசுகிறான்" (14:2). தேவனிடத்தில் பேசுவதற்கு வங்காளி எழுந்து சாட்சி சொல்லவேண்டிய அவசியம் இல்லை.

முகாமில் நடந்ததைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன். அதை நினைக்க எனக்கே வயிறு கலங்குகிறது.

தேரிமண் எழுதியது:

வாதம் நல்லா போகுது. நான் வசனம் எடுத்துப் பேசுகிற ஆள் இல்லை. கண்டதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு நாசரேத்துக்குக் கிழக்கே, தேரிப் பக்கம். தாத்தா பனையேறினார். ஆச்சி விடிலியில், அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசையில், பதநீர் காய்ச்சுவாள். கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பதநீர் நுரைத்துப் பொங்கும்போது விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. அடுப்பில் பனையோலையும் மட்டையும் தள்ளிக்கொண்டே இருக்கவேண்டும். பாகு இறுகும் பதத்தில் துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். புகையில் கண் எரியும். அப்புறம் வரிசையாக வைத்த சிரட்டையில் ஊற்றவேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் அந்தக் குடிசைக்குள் நாள் முழுக்க ஆச்சி ஒருத்திதான்.

ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோயிலில் பாய் விரித்து உட்காருவாள், பாமாலை பாடும்போது வாயை மட்டும் அசைப்பாள், சபைப் போதகர் ஐயர் எதிரே வந்தால் சேலையை இழுத்து மூடிக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். சங்கக் கூட்டத்தில் ஒருநாளும் ஜெபித்ததில்லை. "ஜெபிக்கத் தெரியாது" என்பாள். ஆனால் விடிலியில், பாகு கிண்டும்போது, மெதுவாக ஏதோ ஒரு பாஷையில் பேசிக்கொண்டிருப்பாள். பாட்டும் இல்லை, புலம்பலும் இல்லை. துடுப்பு போகிற தாளத்துக்கு அது போகும். கண்ணீர் புகையிலா அதிலா என்று தெரியாது. எனக்கு ஏழெட்டு வயசு. "என்ன ஆச்சி பேசுதே?" என்று கேட்டேன். "எனக்கென்னல தெரியும், அவருக்குத் தெரியும்" என்றாள்.

இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. எந்தக் கூட்டத்திலும் கற்றுக்கொண்டதில்லை. பெந்தெகொஸ்தே என்ற பேரே எங்கள் ஊரில் அப்போது சண்டைக்குரிய பேர். படித்தவர்கள் மட்டுமே வாய்திறந்த ஒரு கோயிலில், ஆண்டவர் அவளுக்கு மட்டும் விடிலியில் ஒரு வாய் கொடுத்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். இது ஓய்ந்துபோனது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அடுப்புப் புகைதான் ஞாபகம் வருகிறது.

தாமிரபரணிக்கரை எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் ஆச்சியின் பக்தியை நான் மதிக்கிறேன். அதை எடைபோட எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் அனுபவத்திலிருந்து உபதேசம் எடுக்கக்கூடாது. வசனத்திலிருந்து எடுக்கவேண்டும். அந்நியபாஷைதான் அபிஷேகத்தின் அடையாளம் என்ற போதனை 1901-இல் அமெரிக்காவில் டோபிகாவில் தொடங்கி, 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது. நம் திருநெல்வேலிச் சபை அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே வேதத்தின்மேல் கட்டப்பட்டது. வெளியிலிருந்து வந்த ஒன்றுக்காக நம் பிள்ளைகள் ஏன் அழவேண்டும்?

பழைய_பதிவேடு எழுதியது:

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் நான். கடைசிப் பதிவில் ஒரு திருத்தம் அவசியம். அந்நியபாஷை நம் ஜில்லாவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது அல்ல. அசூசா தெருவுக்கு 46 வருஷத்துக்கு முன்பே இங்கே கேட்டது.

ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தவர். 1838-இல் இங்கேயே மரித்து, இங்கேயே அடக்கம் பண்ணப்பட்டார். அவரிடம் படித்த பிள்ளைகளில் ஒருவர் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன். பின்னால் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது அவரோடு சேர்ந்தார். குரோவ்ஸ் யார் என்று தாமிரபரணிக்கரைக்குச் சொல்லவேண்டியதில்லை, சகோதரர் சபையின் முன்னோடிகளில் ஒருவர். மிஷன் சம்பளம் வாங்காமல் ஊழியம் செய்வது என்ற கொள்கையை அருளப்பன் எடுத்துக்கொண்டது அங்கேதான். வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார். இன்று அது விருதுநகர் மாவட்டம். 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா பிரியும்வரை திருவில்லிபுத்தூர்ப் பக்கம் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது.

1850-களின் கடைசியில் அமெரிக்காவிலும் அயர்லாந்தின் அல்ஸ்டரிலும் நடந்த எழுப்புதல்களை, அதாவது ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் பக்தியில் கிளர்ந்தெழுந்ததை, பற்றிய செய்தி இங்கே வந்தது. 1860-இல் அருளப்பனின் சபைகளில் எழுப்புதல் தொடங்கியது. அந்த ஜூன் மாதம் தம் ஜனங்களில் சிலர் அந்நியபாஷைகளில் கர்த்தரைத் துதித்தார்கள், அதற்கு அர்த்தமும் சொல்லப்பட்டது என்று அவர் குறித்துவைத்திருக்கிறார். அர்த்தமும் சொல்லப்பட்டது என்பதைக் கவனியுங்கள், கொரிந்தியர் நிருபத்தில் பவுல் கேட்டது அதைத்தான். ஜனங்கள் மார்பிலடித்து அழுதார்கள், விழுந்தார்கள், தரிசனம் கண்டார்கள். சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷன் சங்கத்தின் சபைகளிலும் அது பரவியது. மிஷனெரிகளுக்கு சந்தோஷமும் இருந்தது, பயமும் இருந்தது. வெள்ளைக்கார ஐயர்மார் தலைமை இல்லாமல், நம் ஜனங்களே கிளம்பி, சம்பளம் இல்லாமல் ஊர் ஊராகச் சுவிசேஷம் சொல்லப் போனார்கள். அந்த எழுப்புதலில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான். பாஷையைவிட இது பெரிது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அதே நெருப்பு 1870-களில் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே ஜஸ்டஸ் ஜோசப் என்பவரைச் சுற்றி ஒரு கூட்டம் எழும்பி, 1881-இல் கிறிஸ்து வருவார் என்று தீர்க்கதரிசனத்தின்பேரில் வருஷம் குறித்தார்கள். வருஷம் வந்தது, அவர் வரவில்லை. எத்தனை குடும்பங்களின் விசுவாசம் அன்று உடைந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆவியின் பேரால் சொன்னதை யாரும் நிதானித்துப் பார்க்காவிட்டால் இப்படித்தான் ஆகும்.

பாளைவாசி அம்மா, உங்கள் மகளுக்கு உதவுகிற இரண்டு விஷயம் சொல்கிறேன். ஒன்று, அசூசா தெருவில் அபிஷேகம் பெற்ற ஆல்பிரட் கார் என்பவர், தமக்கு வங்கபாஷை கிடைத்துவிட்டது என்று நம்பி 1906-07 வாக்கில் மனைவியோடு கல்கத்தாவுக்கு வந்து இறங்கினார். வங்காளிகளுக்கு அவர் பேசியது புரியவில்லை. அவர் அதை மறைக்கவும் இல்லை, ஊருக்குத் திரும்பி ஓடவும் இல்லை. பாஷையின் நோக்கத்தைப் பற்றித் தாம் நினைத்தது தவறு என்று ஏற்றுக்கொண்டு, அது தேவனைத் துதிக்கிறதற்கு என்று சொல்லி ஊழியத்தைத் தொடர்ந்தார். தவறினவர்களை ஆண்டவர் தள்ளுவதில்லை. இரண்டாவது, பண்டித ரமாபாய். பூனா அருகே கேட்காவில் அவருடைய முக்தி மிஷனில் 1905-இல் எழுப்புதல் தொடங்கியது, அதைத் தொடர்ந்து அந்நியபாஷையும் கேட்டது. ரமாபாய் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அபிஷேகத்துக்கு அதுதான் ஒரே அடையாளம் என்றும் ஒத்துக்கொள்ளவில்லை. அனாதைப் பிள்ளைகளையும் விதவைகளையும் நூற்றுக்கணக்கில் வைத்து வளர்த்த ஒரு தாய், வந்தவர் வராதவர் என்று பிள்ளைகளை ஹாலில் இரண்டாகப் பிரித்திருப்பாரா?

களக்காட்டுக்காரி எழுதியது:

நான் இந்துக் குடும்பத்திலிருந்து வந்தவள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. யார் மனதையும் புண்படுத்தாமல் ஒன்று சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் குடும்பக் கோயில் சுடலைமாடன். கொடை என்றால் ராத்திரி முழுக்கக் கணியான் கூத்து. மகுட மேளத்தின் அடி ஏற ஏற, ஆடுகிறவருக்கு அருள் வரும். என் பெரியப்பாதான் ஆடுவார். சின்ன வயதில் எனக்கும் உடம்பு நடுங்கும். அம்மா என்னை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். அதைக் கேலியாக நான் ஒருநாளும் பேசமாட்டேன். பெரியப்பா உண்மையான மனுஷன், ஊருக்காக விரதம் இருந்தவர்.

ஆனால் சில கூட்டங்களில் டிரம்ஸும் கீபோர்டும் வேகம் ஏறும்போது என் உடம்புக்கு அது தெரிந்த இடம். அதே நடுக்கம். அது ஆவியானவரா, பழைய பழக்கமா என்று எனக்குள் பெரிய பயம் வந்தது. எங்கள் உபதேசியார் சண்டை போடாமல் இரண்டு வசனம் காட்டினார். கொரிந்தியர்களுக்கு வரங்களைப் பற்றி எழுதத் தொடங்கும்போதே பவுல், நீங்கள் முன்பு ஊமையான விக்கிரகங்களிடத்தில் மனம்போனபடி நடத்தப்பட்டீர்களே என்கிறார் (12:2). அவர்களும் என்னைப்போல வந்தவர்கள்தான். அப்புறம் 14:32: "தீர்க்கதரிசிகளுடைய ஆவிகள் தீர்க்கதரிசிகளுக்கு அடங்கியிருக்கிறதே." உபதேசியார் சொன்னது: "நிறுத்து என்றால் நிறுத்த முடிகிறதா பாரு. ஆண்டவர் உன்னைப் பிடித்து ஆட்டமாட்டார், உன்னிடம் கேட்பார்."

அதிலிருந்து எனக்குப் பயம் போய்விட்டது. எனக்குப் பாஷை வரவில்லை. வேண்டும் என்றும் இப்போது தோன்றவில்லை. தேரிமண் அண்ணாச்சி, உங்கள் ஆச்சி பாகு அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே பேசினாள் பாருங்கள், அதைத்தான் அந்த வசனம் சொல்கிறது என்று எனக்குப் பட்டது. கை வேலையை விடவில்லை.

மொழிவகுப்பு எழுதியது:

பேச்சுப் பயிற்சியாளராக வேலை பார்க்கிறேன், திக்குவாய் உள்ள பிள்ளைகளோடுதான் பெரும்பாலும். ஆராய்ச்சிப் பக்கம் இரண்டு விஷயம்.

வில்லியம் சாமரின் என்ற மொழியியலாளர் பல நாடுகளில் அந்நியபாஷைப் பேச்சைக் கேட்டு ஆராய்ந்து 1972-இல் வெளியிட்டார். பேசுகிறவருடைய தாய்மொழியில் இருக்கும் ஒலிகளே பெரும்பாலும் அதில் வருகின்றன, இலக்கணமுள்ள மொழிக்குரிய அமைப்பு இல்லை என்றார். அதே சமயம் அது மனநோய் இல்லை, சாதாரண ஆரோக்கியமுள்ளவர்கள் செய்வது என்றும் சொன்னார். 2006-இல் பென்சில்வேனியாவில் ஆண்ட்ரூ நியூபெர்க் குழு ஐந்து பெண்களின் மூளையைப் படம்பிடித்தது. பாஷை பேசும்போது முன்மூளையின் செயல்பாடு குறைந்தது. பாட்டு பாடும்போது அப்படி இல்லை. "நான் பேசவில்லை, என் மூலம் பேசப்படுகிறது" என்று அவர்கள் சொல்வதற்கு இது பொருந்துகிறது என்றார்கள். ஐந்து பேர்தான், இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அது தேவனிடமிருந்து வருகிறதா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது.

ஆனால் என் வேலையிலிருந்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஒரே சொல்லை வேகமாக, நிறுத்தாமல், கூட்டம் பார்க்க, களைத்த பிள்ளையிடம் சொல்லவைத்தால் சொல் உடைந்து அசைகளாகச் சிதறும். அது நாக்கின் இயல்பு. அப்படிச் சிதறியதை வரம் என்று கைதட்டுவது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். வாயைத் திறக்க வற்புறுத்தினால் திறக்காது என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

மேல்வீடு_தென்காசி எழுதியது:

அப்புறம் எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

தங்கச்சி, இது உனக்கு. உன்னை முகாமில் உட்காரவைத்தவர்கள் எந்தச் சபையோ தெரியாது, ஆனால் நான் நம்புகிற ஒன்றின் பேரால் அது நடந்தது. அதனால் நான் மன்னிப்புக் கேட்கிறேன். எங்கள் போதனைப்படி பாஷை அபிஷேகத்தின் அடையாளம். இன்றும் அதை நம்புகிறேன், உனக்காக அதை மாற்றிச் சொன்னால் பொய்யாகும். ஆனால் பாஷை வராதவனிடம் ஆவியானவர் இல்லை என்று எங்கள் மூப்பர் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆவியானவர் இல்லாமல் ஒருவன் இயேசுவைக் கர்த்தர் என்று சொல்லவே முடியாது என்று அதே அதிகாரம் சொல்கிறது (12:3). நீ சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

வலதுபக்கம் இடதுபக்கம் என்று பிரித்ததை வாசித்தபோது எனக்குச் செம்மறியாடு, வெள்ளாடு உவமைதான் வந்தது. அப்படிப் பிரிக்கிற வேலை ராஜாவுக்கு மட்டும்தான். அவரும் பசியாயிருந்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா என்றுதான் கேட்பார், பாஷை பேசினாயா என்று அல்ல. வாலிபர் கூட்டங்களில் நானும் தலையில் கைவைத்து ஜெபித்திருக்கிறேன். எத்தனை பிள்ளைகள் சாப்பாட்டு மணி அடிக்கவேண்டும் என்பதற்காக "பேசினார்கள்" என்று இந்த இரண்டு நாளாக யோசிக்கிறேன். தூக்கம் வரவில்லை.

தாமிரபரணிக்கரை எழுதியது:

பழைய பதிவேடு ஐயாவுக்கு நன்றி. அருளப்பனை எங்கள் சபைகளில் முன்னோடி என்று சொல்லுவோம், 1860 ஜூனைச் சொல்லுவதில்லை. நான் "வெளியிலிருந்து வந்தது" என்று எழுதியது தவறு. திருத்திக்கொள்கிறேன்.

என் நிலைப்பாடு மாறவில்லை. பெந்தெகொஸ்தே நாளின் அந்த அடையாளம் தன் வேலையை முடித்துவிட்டது என்றே நம்புகிறேன். ஆனால் "அந்நியபாஷைகளைப் பேசுகிறதற்கும் தடைபண்ணாதிருங்கள்" (14:39) என்பதும் வேதத்தில்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக நான் அந்த வசனத்தை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். மேல்வீடு பிரதரும் 27, 28-ஆம் வசனங்களைத் தாண்டாமல் இருந்தால் நல்லது: மிஞ்சினால் மூன்றுபேர், ஒவ்வொருவராய், ஒருவன் அர்த்தம் சொல்லவேண்டும். சொல்ல ஆளில்லாவிட்டால் "தனக்கும் தேவனுக்கும் தெரியப் பேசக்கடவன்".

மேல்வீடு_தென்காசி எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன் பிரதர். எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் ஒரே நேரத்தில். அதை இந்த வாரம் பாஸ்டரிடம் பேசப்போகிறேன்.

பாளைவாசி எழுதியது:

எல்லாருக்கும் பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். வாசித்ததை அப்படியே மகளிடம் போனில் கொடுத்தேன். தேரிமண் அண்ணாச்சியின் பதிவை மூன்று தடவை வாசித்தாள். "எனக்கென்னல தெரியும், அவருக்குத் தெரியும்" என்று தனக்குள்ளே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

நேற்று ராத்திரி இரண்டு பேரும் 1 கொரிந்தியர் 12-ஐ வாசித்தோம். 30-ஆம் வசனத்தில் அவளே நிறுத்தினாள். "எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?" "அம்மா, இது கேள்வி. இல்லைன்னுதானே பதில்?" என்றாள். நான் எத்தனை வருஷமாக இந்த அதிகாரத்தைக் கோயிலில் கேட்டிருக்கிறேன். அது கேள்வி என்று எனக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

அந்நியபாஷை இன்றைக்கு எதற்கு என்று கேட்டுத்தான் வந்தேன். விடிலியில் ஒரு ஆச்சிக்கும், தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு தம்பிக்கும் அது வாயைத் திறந்துவிட்டது. அதை நான் இனி இல்லையென்று சொல்லமாட்டேன். என் பிள்ளைக்கு அது வாயை அடைத்துவிட்டது. ஜெபிக்கவே பயப்பட்டாள். ஒன்று வரம், இன்னொன்று பரீட்சை. எங்கள் சபையும் சும்மா இருந்து தப்பித்துக்கொள்ள முடியாது. பிள்ளைகளுக்கு நாங்கள் எதையும் சொல்லித்தராததால்தான் யார் எதைச் சொன்னாலும் நம்புகிறார்கள். திடப்படுத்தல் வகுப்பில் 1 கொரிந்தியர் 12, 13, 14 என்ற இந்த மூன்று அதிகாரத்தையும் ஒரு நாளாவது உட்காரவைத்து வாசிக்கச்சொல்லி ஐயரிடம் கேட்கப்போகிறேன்.

இன்னொன்று. பொய் சொன்னதை அந்த அக்காவிடம் சொல்லவேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. இன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பெண் வீட்டுக்கு வந்தாள். இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரத் தயங்கி நின்றாள். காப்பி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, "நானும் அப்படித்தான் தொடங்கினேன், ஆன்ட்டி. எனக்கும் சாப்பாட்டு நேரம் தாண்டிப்போச்சு" என்றாள்.

அப்புறம் இரண்டு பேரும் மொட்டைமாடிக்குப் போனார்கள். கொடியில் கிடந்த துணியை எடுக்கவேண்டும், ஆனாலும் நான் மேலே போகவில்லை. எட்டு மணிக்கு இறங்கி வந்து, மகள் தோசைக்கு உட்கார்ந்தாள். நாலு சாப்பிட்டாள்.